கதிரவனுக்கு ஒரு பூசை

"ஆத்தும பூசையா தங்கச்சி, நன்றிப் பூசையா?"

பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உபதேசியார் யேசுராஜ் கேட்டார். சலோமி நனைந்த குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நவம்பர் பிறந்துவிட்டால் காரைக்காலில் மழையும் ஆத்துமாக்களும் ஒன்றாக வந்துவிடும். இறந்தவர்களுக்குப் பூசை கொடுக்கும் மாதம் அது. கோயில் அலுவலகத்தின் முன்னால் நனைந்த குடைகளோடு வரிசை நின்றது. ஒருவர் தன் அப்பா பெயரைச் சொன்னார். அடுத்தவர் போன ஆவணியில் போன மருமகனின் பெயரைச் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். இறந்தவருக்கு ஆத்தும பூசை, இருப்பவருக்கு நன்றிப் பூசை; எல்லோருக்கும் தங்கள் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது.

சலோமி பெயரை மட்டும் சொன்னாள். கதிரவன். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றாள். உறவா என்று கேட்டார். இல்லை. எந்த ஊர்? அதுவும் தெரியாது.

"சரி, ஆளு இறந்துட்டாரா?"

"அதுதாங்க தெரியலை."

யேசுராஜ் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். கிண்டலும் கனிவும் சரிபாதி கலந்த பார்வை. "தெரியலைன்னு எழுத இதுல இடமில்லையே தங்கச்சி."

பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். சலோமியின் கண் கலங்கியது. முகம் பார்த்திராத ஒரு மனிதன் இருக்கிறானா போய்விட்டானா என்ற ஒற்றைக் கேள்வியில், அவளுடைய வீட்டின் சத்தமே தொங்கிக்கொண்டிருந்தது. அதை இந்த வரிசையில் நின்று யாரிடம் சொல்ல முடியும்?

சத்தம் என்றால் உண்மையிலேயே சத்தம்தான். குரும்பகரத்தில் வயலும் வாய்க்காலுமாக அமைதியான வீட்டில் பிறந்தவள் சலோமி. அவள் கோட்டுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்; கணவர் பிலோமின்ராஜ் படகு எஞ்சின் மெக்கானிக். கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை மணலில், ஓடுகிற எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை பழகிப்போனவர். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். உப்பு குறைந்தால் தெருமுனைக்குக் கேட்கும், அவளைப் பாராட்டினாலும் தெருமுனைக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் வெட்கத்தில் கதவைச் சாத்தியவள், பிறகு அந்தக் குரல் வாசலில் கேட்டால்தான் உலையே வைப்பாள். பிள்ளை இல்லாத வீடு அது. அவர் பேச்சுதான் பிள்ளை.

அந்தப் பிள்ளை ஒரு காலை நேரத்தில் போய்விட்டது. ஃபைபர் படகின் எஞ்சின் மேல் குனிந்திருந்தவர் அப்படியே மணலில் சரிந்தார். பக்கவாதம். காலில் ஓரளவு உயிர் திரும்பியது, வலது கை பாதிதான் திரும்பியது, பேச்சு திரும்பவே இல்லை. கடைத்தெருவில் ஜாக்கெட் துணிக்கு நிறம் பொருத்திக் கொடுக்கும் கடையில் நாளெல்லாம் பேசிவிட்டு வரும் சலோமி, வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரோடு சுவராக ஆகிவிடுவாள். டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளை இன்னும் அழவைத்தது.

அப்போதுதான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுகிர்தா வந்தாள். சொல்லெல்லாம் அவருக்குள் இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்துவிட்டது என்று அவள் விளக்கினாள். ஒரு டேப்லெட்டில் 'சொற்பலகை' என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கோட்டோவியமாக ஒரு படம். தொட்டால் ஒரு பெண் குரல் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லும். பலகையில் இல்லாத சொற்கள் சிலவற்றைப் பக்கத்துத் தெரு சஜிதா, போட்டோ பிடித்துச் சேர்த்துக் கொடுத்தாள்.

முதல் தடவை பிலோமின்ராஜ் இடது கையால் தடவித் தடவி ஒரு கட்டத்தைத் தொட்டார். "காபி" என்றது பலகை. சலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடிக் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் இரண்டு கட்டங்களைத் தொட்டார். "சூடு." "இல்லை." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் திரும்பி வந்துவிட்டார்!

அதன்பிறகு அந்த இடது கை எந்தக் கட்டம் எங்கே என்று பார்க்காமலேயே போகப் பழகியது. அதற்கு ஒரு வருடம் பிடித்தது. அவள் போனில் நாத்தனாரோடு நீட்டி முழக்கினால் உள்ளறையிலிருந்து "போதும்" என்று குரல் வரும். தேர்தல் நேரத்தில் டிவி பார்க்கும்போது "பொய், பொய், பொய்" என்று விடாமல் தட்டுவார். எஞ்சின் சத்தத்தோடு போட்டிபோட்ட மனிதர் அல்லவா, ஒலியை எப்போதும் முழுக்கத் திருகியே வைத்திருப்பார்.

இப்போது அந்த டேப்லெட்டின் முதுகு புடைத்துக்கொண்டு வந்தது. பாட்டரி உப்பிவிட்டது, இந்த மாடலுக்கு வேறு பாட்டரி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று கடைக்காரர் கைவிரித்தார். சஜிதாவின் கணவர் சஃபியுல்லா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது புது டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து பிலோமின்ராஜின் மடியில் வைத்தார். குவைத் போகுமுன் தான் வைத்திருந்த படகின் எஞ்சினை எத்தனையோ தடவை சரிசெய்து கொடுத்த அண்ணன் என்ற அன்பு அவருக்கு. ஆனால் புது டேப்லெட் சொற்பலகையை ஏற்க மறுத்தது. இது பழைய காலத்துக்குச் செய்த செயலி, இந்தக் கருவியில் ஏறாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுகொண்டது.

சலோமி சுகிர்தாவிடம் ஓடினாள். சுகிர்தா நல்ல பெண். ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

"அம்மா, இது எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. ஒருத்தர் எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்திக்கலாம்னு திறந்து வச்சிருக்காரு. ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க. அவரு இன்னமும் அதைப் பார்த்துக்கிட்டா புதுசுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுப்பாரு. விட்டுட்டாருன்னா, இந்த டேப் நிக்கிற அன்னைக்கு சார் பேச்சும் நின்னுடும்."

வேறொரு செயலி இருக்கிறது என்றும் சொன்னாள். அதற்குக் கம்பெனி உண்டு, ஆள் உண்டு. ஆனால் கட்டங்கள் எல்லாம் வேறு இடம். பழையதைக் கை மறந்தால்தான் புதியது ஏறும். இரண்டையும் கலந்து வைத்தால் அவருக்குக் குழம்பிவிடும். அடுத்த திங்கட்கிழமை ஒரு பயிற்சி தொடங்குகிறது, ஒரே ஒரு இடம் பாக்கி. சேருவதா வேண்டாமா என்று அன்று காலைக்குள் சொல்ல வேண்டும்.

"அதுக்குள்ள அந்த ஆளு இருக்காரா இல்லையான்னு பார்த்துடுங்கம்மா."

சொற்பலகையைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு வரி வந்து போகும். 'ஆக்கம்: கதிரவன்.' அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

சஜிதா ஜெராக்ஸ் கடையும் இணைய மையமும் சேர்த்து நடத்துபவள். சலோமியைவிட வயதில் சிறியவள். ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் அவள் கை பட்டுத்தான் போகும். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்றாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனைப் போனில் வைத்துக் குடும்பம் நடத்துகிறவள், கடைசியாக எப்போது வந்தார், செய்தியைப் பார்த்தாரா, பார்த்தும் பேசாமல் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றாள்.

இணையத்தில் சொற்பலகையை எழுதித் திருத்தி வைக்கும் பக்கத்தைத் திறந்த உடனே அவள் முகம் மலர்ந்தது. கடைசியாகத் திருத்தம் நடந்தது நேற்று என்று இருந்தது. "அல்ஹம்துலில்லா. ஆளு இருக்காருக்கா. நேத்துகூட வந்துட்டுப் போயிருக்காரு."

சலோமி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

மறுநாள் சஜிதாவே சலோமி வேலைபார்க்கும் கடைக்குத் தேடி வந்தாள். முகம் சுண்டியிருந்தது. நேற்று வந்தது மனிதர் இல்லையாம். உள்ளே இருக்கும் பாகங்கள் பழசாகிவிட்டனவா என்று தானாகவே பார்த்து, தானாகவே ஒரு வரி எழுதிவைக்கும் இயந்திரமாம். தினமும் வருமாம்.

"எங்க தெருவுல குவைத்காரங்க வீடு ஒண்ணு பூட்டியே கெடக்கு பாருங்க. பொழுது சாஞ்சு மஃரிப் ஆனா டைமர்ல லைட்டு தானா எரியும். அந்த மாதிரிக்கா இது. வெளிச்சம் இருக்கு, ஆளு இல்ல."

அப்படியானால் அணைக்கவேண்டியதுதானே, ஏன் எரிகிறது என்று சலோமிக்கு விளங்கவில்லை. கடைசியாக முழுப் பதிப்பு வெளிவந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே நேரம் பிடித்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்கு நட்சத்திரம் கொடுத்தவர்களின் எண்ணிக்கை முந்தின நாளைவிடக் கூடியிருந்தது. இத்தனை பேர் கொடுக்கிறார்களே, ஆள் இல்லாத இடத்துக்கா கொடுப்பார்கள் என்று கேட்டாள். அது வழியில் போகிறவர்கள் வைக்கும் வணக்கம், வீட்டுக்குள் ஆள் இருப்பதற்கு அத்தாட்சி இல்லை என்றாள் சஜிதா.

ஒருவர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அதை ஏற்றுக்கொள்ள ஆள் வருமா என்று மாசியிலிருந்து காத்திருந்தார். அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு சஜிதா கடிதம் போட்டாள். பதிலும் வரவில்லை, கடிதம் திரும்பியும் வரவில்லை. திரும்பி வராததால் முகவரி உயிரோடு இருக்கிறது. முகவரி உயிரோடு இருந்தால் ஆளும் இருக்கவேண்டும். இருந்தால் பதில் போடமாட்டாரா? போடவில்லையே! சலோமி ஜாக்கெட் துணிக்கு அரக்கு கேட்டவளுக்கு மெரூன் எடுத்துப் போட்டாள். அந்தக் கடையில் அவள் கையில் நடந்த முதல் தவறு அது.

எல்லாவற்றையும்விட ஒரு கேள்விதான் அவளை உலுக்கியது. யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: இங்கே யாராவது இருக்கிறீர்களா? பலர் கட்டைவிரல் உயர்த்தி ஆமோதித்திருந்தார்கள். பதில் இல்லை. சில வாரம் கழித்து அந்த இயந்திரம் வந்து, இதில் வெகுநாளாக அசைவு இல்லாததால் இந்தக் கேள்வியை மூடுகிறேன் என்று எழுதிவிட்டு மூடியிருந்தது.

இருக்கிறாயா என்று வாசலில் நின்று ஒருவன் கூப்பிட, உள்ளிருந்து இயந்திரம் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போகிறது.  இப்படி ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும்?

"மவுத்தாயிட்டாரோ என்னமோக்கா," என்றாள் சஜிதா, சாவுச் செய்தி சொல்வதுபோல மெதுவாக.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே பிலோமின்ராஜ் வேறு படுத்தினார். சஜிதாவும் சலோமியும் கதிரவனைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே பலகையைத் தட்டுவார். "கிழங்கான்." மறுபடி, "கிழங்கான்."

மழை நாளில் மீன் நினைப்பு வந்துவிட்டது போல என்று சலோமி கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் அம்மாவிடம் கிழங்கான் வாங்கி, மிளகாய் தடவிப் பொரித்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "கிழங்கான்." மறுநாள் குழம்பு வைத்தாள். சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி அதையே தட்டினார். அதற்கு மறுநாள் புட்டு மாதிரி உதிர்த்துச் செய்துகொடுத்தாள். பலகையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்று கெட்டால் எல்லாம் கெடும் என்கிறார்களே, புத்தியும் தடுமாறுகிறதோ என்று அவளுக்குப் பகீரென்றது. "வயிறா அது, கடலா? போதும்ங்க," என்று பலகையை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

அப்படி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினாள். மனதில் கணக்கு எதுவும் இல்லை. தன் புருஷனுக்குக் குரல் கொடுத்த ஒருவன் எங்கோ செத்துக் கிடந்து, அவன் ஆத்துமாவுக்கு ஒரு ஜெபம் சொல்லக்கூட ஆளில்லை என்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வரிசையில் நின்று யேசுராஜின் கேள்வியைக் கேட்டபோதுதான், தான் சொல்லப்போகும் பதில் இரண்டு இடத்துக்குமான பதில் என்பது அவளுக்கு உறைத்தது. ஆத்தும பூசை என்றால் கதிரவன் இல்லை. கதிரவன் இல்லை என்றால் திங்கட்கிழமை பயிற்சி. பழைய பலகையை அந்தக் கை மறக்கவேண்டும்.

"சொல்லு தங்கச்சி, மழை வலுக்குது."

சலோமி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆத்தும பூசைன்னே எழுதிக்கங்கண்ணே."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு பிலோமின்ராஜைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்தாள். மடியில் முதுகு புடைத்த டேப்லெட். பூசைக்கு முன்னால் யேசுராஜ் மைக்கில் ஆத்துமாக்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எங்காவது ஒரு தலை தாழ்ந்தது.

"கதிரவன்."

சலோமி தலை தாழ்த்தினாள். அவள் ஒருத்திதான்.

"இல்லை," என்றது ஒரு பெண் குரல், கோயில் முழுக்கக் கேட்க.

யேசுராஜ் நிறுத்தினார். பீடத்துக்கு வந்துகொண்டிருந்த சாமியாரும் நின்றார். சலோமி பதறித் திரும்பினாள். பிலோமின்ராஜின் இடது கை மறுபடி இறங்கியது.

"இல்லை. இல்லை. கிழங்கான்."

பின் பெஞ்சில் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். சலோமிக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. டேப்லெட்டை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பூசை முடியும்வரை அவர் அவளைப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் உடைந்தாள். இத்தனை நாள் பட்ட அவமானமும் பயமும் சேர்ந்து வந்தது. கர்த்தர் சந்நிதியில் மீன் கேட்கிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது உங்களுக்கு என்று கேட்டாள்.  அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து, அவளுடைய ஆள்காட்டி விரலை அந்தக் கட்டத்துக்கு நேரே நீட்டி, அங்கேயே பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

சலோமி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ஒரு தட்டு. தட்டில் மூன்று கிழங்கான். கோட்டோவியம். பலகையில் உள்ள மற்றப் படங்களை வரைந்த அதே கை. தட்டின் விளிம்பில் நீலக் கோடு. நீலக் கோட்டில் ஓரிடத்தில், பல் விழுந்ததுபோல ஒரு சின்ன உடைசல்.

அவள் அடுக்களைக்குப் போனாள். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டில் மிஞ்சியிருந்த ஒரே தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நீல விளிம்பு. அதே இடத்தில் அதே உடைசல்.

தட்டைப் பலகையின் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பலகையில் கிழங்கான் கட்டம் ஏது என்று அவள் யோசித்ததே இல்லை. சஜிதா சேர்த்திருப்பாள் என்று நினைத்திருந்தாள். போன் போட்டாள். சஜிதாவோ, நீங்கள் சேர்த்தீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாள்.

"நான் சேர்த்தா போட்டோ தானக்கா இருக்கும். நானா வரைவேன்? எனக்கு மருதாணியே நேரா வராது."

சஜிதா மழையில் ஓடிவந்தாள். படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தபோது அவள் அதுவரை பார்த்திராத ஒரு சிறு பெட்டி திறந்தது. 'வரைந்தது: கதிரவன்.' நாளைப் பார்த்தால் போன மாதம். கீழே ஒரு முகவரி. அது இவர்கள் இத்தனை நாள் காவல் காத்த பக்கம் இல்லை. வேறு இடம்.

பலகையின் மூலையில் 'சொல் இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு. வேண்டிய சொல் கிடைக்காதபோது அதைத் தொட்டால் கேமரா திறக்கும், படம் பிடித்தால், அந்நேரம் பக்கத்தில் கேட்ட பேச்சோடு அது செயலிக்காரருக்குப் போய்ச் சேரும். புரட்டாசியில் ஒரு மதியம், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் தட்டைப் படம் பிடித்ததும், கிழங்கானைப் படம் பிடிக்கிற வயசா இது என்று தான் கிண்டல் செய்ததும் சலோமிக்கு இப்போது நினைவு வந்தது. அவர் சொல் கேட்டிருக்கிறார். சொல் வந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை நாளாக ஒரே கட்டத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளோ மிளகாய் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் "போதும்" என்று தட்டினார்.

ஆனால் குழப்பம் அதோடு தீர்ந்ததா? புது முகவரியில் இருந்த பக்கம் சின்னது. நட்சத்திரம் கிடையாது, கூட்டம் கிடையாது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ திருத்தம். அதுவும் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லாமல் கிடந்திருந்தது. உயிர் இருக்கிறது, நடமாட்டம் குறைவு என்றாள் சஜிதா. புது டேப்லெட்டுக்கு ஏற்ற பதிப்பு வருமா என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

பிலோமின்ராஜ் புது டேப்லெட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கை நீட்டினார். சொற்பலகையை ஏற்கமுடியாது என்று அது காட்டும் வரியைத் திரையில் வரவழைத்து, தன் பழைய டேப்லெட்டில் 'சொல் இல்லை' கட்டத்தைத் தொட்டு, அந்த வரியைப் படம் பிடித்தார். அனுப்பினார். சஜிதா அதனோடு தன் மின்னஞ்சலையும், 'இருக்கீங்களா?' என்ற ஒரு சொல்லையும் சேர்த்தாள்.

திங்கள் காலைக்குள் பதில் வரவில்லை.

சுகிர்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். தட்டையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள். அவளுக்கும் முகம் மாறியது. ஆனால் சொல்லவேண்டியதைச் சொன்னாள். "படம் வரையறது வேற, செயலியையே புதுக் கருவிக்கு மாத்தறது வேறம்மா. இன்னைக்கு இந்த இடத்தை விட்டா அடுத்தது எப்பன்னு எனக்குத் தெரியாது. ஒரு மீன் படத்தை நம்பியா முடிவு எடுக்கறீங்க?"

சலோமிக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பதிலும் தெரியவில்லை. உடைசலைக்கூட விடாமல் வரைந்தவர் பாதியில் விடமாட்டார் என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது. விட்டாலும் விடுவார் என்று இன்னொன்று சொன்னது. வேண்டாம்மா, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மழையில் குடையை விரிக்க மறந்து பஸ் நிறுத்தம்வரை நனைந்துகொண்டே போனாள். வீட்டுக்கு வந்ததும் பழைய டேப்லெட் இன்னும் எரிகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அதுதான் அவளுக்கு வேலை.

வியாழக்கிழமை சஜிதா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, பதிலைச் சத்தமாக வாசித்தாள்.

'வணக்கம். இருக்கிறேன். பழைய பக்கத்துக்குள்ளும் அதில் உள்ள மின்னஞ்சலுக்குள்ளும் போகும் வழி, தொலைந்த கைபேசியோடு போய்விட்டது. வேறிடம் வந்துவிட்டேன் என்று அங்கே ஒரு வரி எழுதக்கூட என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இதைத் தொட நேரம் கிடைக்கிறது. புதுக் கருவிக்கான பதிப்பைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். சொல் இல்லை என்று இந்த வருடம் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரும் கிழங்கானுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பலகையை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா, எல்லோரும் போய்விட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கிழங்கான் சரியாக வந்திருக்கிறதா? நான் இருப்பது கடல் இல்லாத ஊர்.'

சஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே ஒரு மனிதர் இவர்கள் இருக்கிறார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க, இங்கே இவர்கள் இறந்தவருக்குக் கேட்கும் நித்திய இளைப்பாற்றியை அவருக்குக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மாலையில் புதுப் பதிப்பு வந்தது, சோதனைக்குத்தான் என்ற எச்சரிக்கையோடு. புது டேப்லெட்டில் ஏறியது. கட்டங்கள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன, கடைசி வரிசை மட்டும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. "காபி" கேட்கப்போன பிலோமின்ராஜ் "சோப்பு" என்றார். எழுதிப் போட்டார்கள். சரிசெய்கிறேன், ஆனால் எப்போது என்று சொல்லமுடியாது என்று பதில் வந்தது. இது இருக்கிற கணக்கா, இல்லாத கணக்கா என்று சலோமிக்கு மறுபடியும் புரியாமல் போயிற்று.

யேசுராஜிடம் போய் நின்றாள். ஆத்தும பூசைக்குக் கொடுத்த பெயரை இந்தத் தடவை நன்றிப் பூசையில் எழுதச் சொன்னாள்.

"செத்து எழுந்த லாசருக்கே நாலு நாளுதான். உங்க ஆளு ஒரு வாரம் கழிச்சு எழுந்திரிச்சிருக்காரு," என்று பேனாவைத் திறந்தார் அவர். "இதையாவது நிச்சயமா சொல்லு தங்கச்சி. இந்த மாசத்துக்கு மட்டுந்தானே?"

சலோமி யோசித்தாள். "மாசாமாசம் எழுதிக்கங்கண்ணே. உயிரோட இருக்கறவங்க பக்கத்துல."

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் தெருமுனைக்குக் கேட்டது.

"கிழங்கான்."

அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பசியா, செய்தியா? அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. குடையை மறுபடி விரித்துக்கொண்டு மீன்காரம்மாவைத் தேடித் தெருவில் இறங்கினாள். நடந்துகொண்டே சஜிதாவுக்கும் போன் போட்டாள்.